பசியே பொழுதாக: கலிங்கத்துப்பரணிப் பேய்களின் வாழ்வு

முன்னுரை

பேய்கள் தம் பொழுதை எவ்வாறு கழிக்கும்? இவ்வினா சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும், இதற்கு மிக விரிவாக விடையளித்த தமிழ்ப் புலவர் சயங்கொண்டார். முதலாம் குலோத்துங்கன் (1070-1122) காலத்தில், கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சென்ற சோழர் படை கலிங்கத்தில் பெற்ற வெற்றியைப் பாடுவது கலிங்கத்துப்பரணி. அந்நூலில் அரசனுக்கு நிகரான இடம் பேய்களுக்கும் உண்டு. இப்பகுதிகளை நகைக்கும் இளிவரலுக்கும் சான்றாகக் காட்டி அமைவதே பெருவழக்கு. அவ்வளவில் அமைவது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

காத்திருப்பு

பரணியின் பேய்கள் முதலில் பசித்தவர்களாகவே அறிமுகமாகின்றன. முடம், குருடு, ஊமை, செவிடு, கூன் எனப் பல குறைகள் அவற்றுக்கு உண்டு. அக்குறைகளுக்கெல்லாம் வரலாறும் உண்டு. சக்கரக்கோட்டத்துப் போர்க்களத்தில் அட்ட கூழ் தெறித்துக் கண் இழந்த பேயை இதற்குச் சான்றாகக் காட்டலாம். சோழர் வென்ற களங்களைப் பேய்கள் தம் உடலிலேயே தழும்புகளாகச் சுமக்கின்றன.

இமயத்திலிருந்து மீண்ட முதுபேய், தான் கற்ற இந்திரசாலத்தைக் காட்டும்போது, குருதியும் நிணமும் இருப்பதாக மயங்கிய பேய்கள் வெறுங்கையை வாயிலிட்டு ஏமாறுகின்றன. பின்னர்க் காளியிடம் முறையிடுகையில், தமக்குச் சாவேனும் வாய்க்குமோ என வினவுகின்றன. பேய் இறவாது, எனவே அதன் பசிக்கும் முடிவில்லை. நகைப்பினிடையே ஒலிக்கும் இவ்வொரு வினா, நூலின் மிகத் துயரமான இடங்களுள் ஒன்றாகும்.

அடுக்களை

போர் முடிந்ததும் பேய்கள் செய்யும் முதல் வேலை உண்பதன்று, பல் விளக்குவது. யானைக் கொம்பு பற்குச்சியாகிறது. விலாவெலும்பு நாக்கு வழிக்க உதவுகிறது. நீராடி, அணிபூண்டு, அதன் பின்னரே கூழ் அடத் தொடங்குகின்றன. வீரர்தம் பற்களே அரிசி, முரசே உரல், யானைக் கொம்பே உலக்கை. குற்றும்போது அரசன் புகழை வள்ளைப்பாட்டாகப் பாடுகின்றன. உண்டபின், குதிரையின் காதை வெற்றிலையாக மடித்து மெல்லுகின்றன. கனாக் கண்ட பேய்க்கு மட்டும் நாளைக்கும் கூழ் பொதிந்து வைக்கப்படுகிறது. பசியின் கொடுமையை அறிந்தோரே நாளைக்கு எடுத்துவைப்பர். அதனைச் சயங்கொண்டார் நன்கறிந்திருந்தார்.

இங்குக் காரைக்கால் அம்மையாரை நினைவுகூர்தல் பொருந்தும். அவருடைய திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பேய்த்தாய், தன் பிள்ளைக்குப் பெயரிட்டுப் புழுதி துடைத்துப் பாலூட்டிச் செல்கிறாள். அவள் திரும்பி வாராமையால் பிள்ளை அழுதவாறே உறங்கிவிடுகிறது. அப்பேய் வாழ்வில் அன்பும் பிரிவும் உண்டு. சயங்கொண்டாரின் பேய்களுக்கோ பந்தி உண்டு, விருந்தோம்பல் உண்டு, அழுகைக்கு இடமில்லை.

இலையிட்டவரும் இலையிலானவரும்

கூழ் வார்க்கும் பகுதியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் ஆகியன தத்தம் ஒழுக்கம் வழுவாது உண்ண அமர்கின்றன. உயிர்க்கொலை அஞ்சும் சமணப் பேய்க்குக் கூழ் மயிரின்றி வடிகட்டித் தரப்படுகிறது. இதனை வெறும் சமய எள்ளலாகக் கொள்வோர், இதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றை மறந்துவிடுகின்றனர். போர் பாடியதில் தோற்றோடும் கலிங்கர், மயிர் பறித்துச் சமணர் போலவும், வில்நாணைப் பூணூலாக்கிக் கங்கையாட வந்த அந்தணர் போலவும், குருதி தோய்ந்த ஆடை போர்த்துச் சாக்கியர் போலவும் நடித்து உயிர் பிழைக்கின்றனர். உயிருள்ளோர் தஞ்சம் புகுந்த அதே வேடங்களில், பின்னர்ப் பேய்கள் பந்தியில் அமர்கின்றன. பிழைக்க இயலாதோர் அப்பந்தியில் உணவாகின்றனர். இவ்வமைப்பு தற்செயலானதெனத் தோன்றவில்லை.

மாண்ட கலிங்கர்க்கு மறுமை வாழ்வு என ஒன்றை நூல் விரித்துரைப்பதில்லை. அவர்கள் பேயாகவும் மாறுவதில்லை. அரிசியாகவும் சுண்ணாம்பாகவும் மாறுகின்றனர். எனினும், களக்காட்சியில் தம் கணவரைத் தேடி வரும் மகளிர், இடாகினியிடம் வழி கேட்டு அலைகின்றனர். அச்சில தாழிசைகளில் பிணம் மீண்டும் ஒரு மனிதனாகிறது. அடுத்த கணமே பேய்களின் ஆரவாரம் தொடர்கிறது.

முடிவுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர் தம் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்கு உணவு படைப்பதையும், மேடைக் கலைநிகழ்ச்சியின் முன்வரிசை இருக்கைகளை அவற்றுக்கென விடுவதையும் நாம் காண்கிறோம். அங்கு உயிருள்ளோர் இறந்தோரைப் பேணுகின்றனர். பரணியிலோ இறந்தோரே உணவு. வென்றவனின் புகழைப் பாடும் வாய், தோற்றவனை உண்ட வாயாகவும் இருக்கிறது. சயங்கொண்டார் இதனைக் கண்டித்தார் என்று கூறச் சான்றில்லை. அவர் பாடியது பரிசிலுக்குரிய வெற்றிப் பாடலே. ஆயினும், அவர்தம் கற்பனை அவர் புகழ்ச்சியைவிட நேர்மையானது. பேய்களின் பந்தியைக் கண்டு நகைக்கும் வாசகன், அவ்விலையில் இருப்பது யாது என ஒருமுறையேனும் குனிந்து நோக்குதல் வேண்டும். பரணியை இன்று கற்பிப்போர் மாணவர்க்கு அவ்வாறு நோக்கவும் பயிற்றுதல் வேண்டும்.