யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?

எந்தக் கல்விச் செயலியைக் குறை சொன்னாலும் இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது: "பயனர்களைக் கேட்டுத்தானே செய்தோம்." இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்பது நல்லதுதான். பள்ளிக் கல்வித் தகவல் தளமான எமிஸில் பதிவேற்றும் சுமையை எதிர்த்து 2023-இல் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் குரல் எழுப்ப நேர்ந்ததைப் பார்த்த யாரும், வகுப்பில் நிற்பவரின் சொல் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இணையவழி வகுப்புகளுக்கான மூடில் மென்பொருளுக்கு 2015-இல் அமைந்த பயனர் சங்கத்தில், அடுத்து எந்த வசதி வேண்டும் என்பதை உறுப்பினர்களே முன்மொழிந்து வாக்களித்தார்கள். ஆனால் அந்த வாக்கு சந்தா கட்டியவர்களுடையது. நம் பக்கத்தில் சந்தா கிடையாது. சொந்த போன், தீராத டேட்டா, ஓய்வு நேரம் ஆகியவைதான் நுழைவுக் கட்டணம்.

கனகம்மாசத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1960-இல் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணிப் பகுதியில் உள்ள ஊர் அது. வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு வகுப்பில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் இங்கே புதியவர்கள் அல்லர். 2018-இல் வந்த பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சானது. அதை ஸ்கேன் செய்தால் மின்பாடங்கள் கொண்ட திக்‌ஷா தளத்துக்குப் போகலாம். திக்‌ஷாவை முதன்முதலில் திறக்கும்போது பாடத்திட்டம், பயிற்றுமொழி, வகுப்பு ஆகிய மூன்றையும் கேட்கிறது. வீட்டில் என்ன மொழி, இந்த போன் யாருடையது, எத்தனை மணிக்குக் கைக்கு வரும் என்று கேட்பதில்லை. அப்பா வேலைக்குக் கொண்டுபோன போன் இரவு எட்டு மணிக்குத் திரும்பி, அதை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில், முதல் தேவையே அந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து கருத்துப் படிவம் நிரம்பி வராது. வராததால் தேவையே இல்லை என்று கணக்காகிவிடுகிறது. உள்ளே இருப்பவர்களோ இருப்பதை மெருகேற்றத்தான் கேட்பார்கள்: இன்னொரு பட்டன், இன்னொரு அறிக்கை, இன்னும் தெளிவான வீடியோ. அப்படியே அடுத்த பதிப்பும் அவர்களுக்காகவே வருகிறது.

பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் பேசுகிறார்களே என்பார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கைதேர்ந்த ஆசிரியர். அழைப்பு வருவதும் வாட்ஸ்அப் குழுவில். பதிவேற்றத்தைக் குறையுங்கள் என்று அவர் கேட்பது முழுக்க நியாயம், ஆனால் அது அவருடைய தேவை. எல்லார் வீட்டுக்கும் போக முடியுமா என்றும் கேட்பார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். பாடம் சொல்லப் போக முடிந்த தெருவுக்குக் கேள்வி கேட்கப் போக முடியாதா? மென்பொருளின் வரைவு எழுதப்படும் முன்பே, செயலியை ஒருமுறைகூடத் திறக்காத வீடுகளுக்கு, பெற்றோர் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், தெலுங்கும் தெரிந்த ஒருவரோடு போகவேண்டும். அங்கே கிடைப்பது தேவைப் பட்டியலின் முதல் பக்கத்தில் இடம்பெறாதவரை, பயனர்களைக் கேட்டோம் என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.