களரும் சவரும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுமாத்ராவுக்கு மேற்கே கிளம்பிய ஆழிப்பேரலை, நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் நம் கெடாவின் கோத்தா கோலா மூடாவையும் ஒரே நாளில் உப்பில் நனைத்துவிட்டுப் போயிற்று. அது முதலாக, கடலோரத்தில் கீரைப்பாத்தி வைத்திருக்கும் சுங்கை பட்டாணி நண்பர் ஒருவருக்கும் எனக்கும், உப்பேறிய மண்ணை எப்படித் தேற்றுவது என்று ஓயாத விவாதம். என் பாட்டனார் லால்குடிப் பக்கத்திலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர். அவருடைய பாட்டனாரோ யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி உத்தியோகத்துக்கு வந்தவர். ஆகவே நான் ஜிப்சம் என்பேன்; அவர் தழை என்பார்.

திருச்சிச் சீமையில் ஜிப்சத்துக்கு மதிப்பு ஏற்பட்டதற்கு அம்மண்ணின் சுபாவமே காரணம். உவர் வேறு, களர் வேறு. கரையும் உப்பு மிகுந்து வெள்ளையாகப் பூத்து நிற்பது உவர். சோடியமானது களித்துகள்களைப் பற்றிக்கொண்டு, நனைந்தால் பசையாகக் குழைந்தும், காய்ந்தால் ஓடாக இறுகியும், கார அளவு 8.5-ஐத் தாண்டியும் நிற்பது களர். கல்லாதவரை வள்ளுவர் ஒப்பிட்டது இக்களர் நிலத்தோடுதான். வரப்பை உயர்த்தி, நிலத்தைச் சமன் செய்து, ஜிப்சத்தைச் சீராகத் தூவி, நல்ல நீரைத் தேக்கி, ஒரு நாள் கழித்து வடித்து, அவ்வாறே நான்கைந்து முறை திரும்பச் செய்வார்கள். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்துத் அதன் ஸ்தானத்தில் ஊன்றிக்கொள்ள, பெயர்ந்த சோடியம் வடிநீரோடு போய்விடும். பின்பு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவார்கள். வேர் ஆழம் போகாத முளைக்கீரை, மேல் அரையடி மண் பொலபொலத்தாலே முகம் மலர்ந்துவிடும். வடிக்க வழியில்லாத இடத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பிரயோஜனமில்லை. இதை அங்குள்ள விவசாயிகளே பலமுறை மறந்துவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு. அங்கே சுண்ணாம்புக்கல்லே நிலத்துக்கு அஸ்திவாரமாதலால் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. உப்பு வருவது கிணற்று வழியாக. கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீரை அளவு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். காலையில் துலாவில் இறைத்த முதற்பட்டை தித்திக்கும். வெயிலேறும் வரை இறைத்தால் அதே கிணறு சவர்த்துவிடும். சில நாளில் கீரை இலையின் ஓரம் கருகிச் சுருளும். இதற்குக் கனிமப் பரிகாரம் என்ன செய்யும்? பனையோலையும் குழையும் தாழ்த்து, ஆட்டுப்பட்டி அடைத்து, ஈரத்தை மண்ணில் நிறுத்தி, இறைப்பைக் குறைத்த யாழ்ப்பாணத்தவரின் விவேகம் சாமானியமானதன்று.

நண்பர் ஒருமுறை பாட்டன் வழக்கப்படி அடுப்புச் சாம்பலையும் தூவினார். சாம்பலில் பொட்டாசியம் உண்டு, ஆனால் காரமும் உண்டு. எங்கள் லால்குடிக் களரில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். கெடாவின் கரையோரச் சேற்றுமண்ணோ பல இடங்களில் புளித்த மண். அங்கே சாம்பலும் சுண்ணாம்பும் நன்மையே செய்யும். தவிரவும், ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இந்நாட்டில் உப்பைக் கழுவ நாம் நீர் இறைக்க வேண்டியதே இல்லை. இத்தனை வருஷம் வாதாடிய பின், பாதித் தோல்வியை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகையால் நண்பரே, ஜிப்சம் மூட்டையை அவிழ்க்கும் முன் பாத்தியோரமாக ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். அடுத்த மழையில் தண்ணீர் அதன் வழியே ஓடுகிறதா என்று நின்று பாருங்கள். ஓடாவிட்டால், ஜிப்சத்துக்கு ஒரு வெள்ளியும் செலவழிக்க வேண்டாம்.