அல்வாவும் நியூட்ரினோவும்

தேனி பொட்டிப்புரத்தில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தைப் பற்றித் தமிழில் வந்தவற்றைச் சேர்ந்தாற்போல் படித்தேன். எதிர்த்தவர்கள் அணை, புலி, கதிர்வீச்சு என்றார்கள். ஆதரித்தவர்கள், 'அது யாரையும் ஒன்றும் செய்யாதுங்க' என்றார்கள். என்னதான் செய்யும் என்று விளக்கியவர்கள் சொற்பம்.

'ஃப்ளேவர்' என்பதற்குச் 'சுவை' என்று போட்டால் திருநெல்வேலிக்காரருக்கு இருட்டுக்கடைதான் ஞாபகம் வரும். 'வகை' போதுமே. எலெக்ட்ரான், ம்யூவான், டௌ என்று மூன்று வகை. ஒன்றாகப் புறப்பட்டது வழியில் வேறொன்றாகிவிடும். இதைக் காட்டியதற்குத்தான் 2015-ல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல்.

பெரிய நட்சத்திரம் வெடிக்கும்போது சக்தியில் 99 சதவிகிதம் நியூட்ரினோவாகத்தான் ஓடுகிறது. நாம் பார்க்கும் வெளிச்சம் சில்லறை. நட்சத்திரத்துக்குள் நிறைந்திருக்கும் எலெக்ட்ரான்கள், எலெக்ட்ரான் நியூட்ரினோவை மட்டும் தனியாகக் கவனிக்கின்றன. அடர்த்தி குறைந்துவரும்போது ஒரு கட்டத்தில் அது வகை மாறுகிறது. இன்னும் ஆழத்தில் நியூட்ரினோக்களே நெரிசலில் ஒன்றையொன்று மாற்றுகின்றன. அந்தக் கணக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. வந்துசேரும் கலவையை வைத்து அவற்றின் எடை வரிசையைச் சொல்லலாம் என்று நம்மூர் அமோல் திகேயும் ஸ்மிர்னோவும் 2000-ல் எழுதினார்கள்.

1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த நட்சத்திரத்திலிருந்து உலகம் முழுக்க அகப்பட்டது சுமார் 25 நியூட்ரினோ. அந்த மேகம் திருநெல்வேலியில் தெற்கே 12 டிகிரிக்கு மேல் எழும்பாது. தாமிரபரணி மணலில் நின்றால் தென்னந்தோப்பே மறைத்துவிடும். ஆனால் அன்று அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவர் உடம்பிலும் பல லட்சம் கோடி நியூட்ரினோ புகுந்து போயிருக்கிறது. சோப்பு நழுவியதுகூட அதனால் இல்லை.

எதிர்த்தவர்களுக்கு: கூடங்குளத்தின் ஒவ்வொரு உலையும் முழு வேகத்தில் ஓடும்போது விநாடிக்கு 6-க்குப் பின்னால் 20 சைபர் போட்ட அளவு எதிர்நியூட்ரினோவை வெளிவிடுகிறது. அணு உலைக்குப் பயப்பட வேறு காரணங்கள் உண்டு, இது இல்லை. ஆதரித்தவர்களுக்கு: மலை, தண்ணீர் பற்றிய கேள்விகள் நியாயமானவை. பொட்டிப்புரத்துத் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் பதில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே வைக்க இருந்த 50,000 டன் இரும்பு காற்றுமண்டல நியூட்ரினோவுக்கானது. சூப்பர்நோவா நியூட்ரினோவுக்கு அதில் அகப்படும் அளவுக்குச் சக்தி போதாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கலாம்.

1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில் காற்றுமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் பிடித்தவர்களில் நாமும் உண்டு. 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த பொட்டிப்புரத்துக்கு, அனுமதி கிடையாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அதே எடை வரிசையைத் தேடி 2025 ஆகஸ்டில் சீனாவின் ஜூனோ வேலையைத் தொடங்கியது. 20,000 டன் திரவம். நம் பால்வெளியில் ஒரு நட்சத்திரம் வெடித்தால் அதில் ஆயிரக்கணக்கில் சிக்கும்.