மூன்று ஓட்டைகளின் சாட்சி

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சாரார் கடைத் தோட்டாவை வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளை உறையைப் பொறுக்கி வந்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தீமூட்டும் பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் குண்டை அமர்த்தித் தாங்களே செய்துகொள்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை கான்சாஸ்காரர் புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி மலிவாக விற்றது இந்தப் பழக்கம் பரவ ஒரு காரணம். இன்று காசு மிச்சம் என்ற வாதம் அவ்வளவாக எடுபடாது. கருவிகளுக்கு முதல் போட்டவர் பெரும்பாலும் முன்பைவிட அதிகமாகச் சுடுகிறார், செலவும் கூடிவிடுகிறது.

இதன் உண்மையான பலம் வேறு. 1946இல் ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். சேறு அப்பியிருந்த அதன் உடம்பில் குண்டுகள் மேலாகவே சிதறின, ஆழமாக இறங்கவில்லை. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவே செம்புச் சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரித்தார். முன்பாதி விரியும், பின்பாதி குலையாமல் உள்ளே போகும். ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. விலங்கு இழுபடாமல் உடனே சாகவேண்டும் என்ற அக்கறையில் பிறந்த குண்டு அது. தோட்டா செய்யக் கற்பவர் முதலில் உள்வாங்க வேண்டியதும் அந்த அக்கறையைத்தான்.

ஆனால் கற்பவரின் கண் பெரும்பாலும் காகிதத்தில் நிலைத்துவிடுகிறது. நூறு கஜத்தில் மூன்று குண்டு சுட்டு, ஓட்டைகள் ஓர் அங்குலத்துக்குள் அடங்கினால் அந்த மருந்து-குண்டுச் சேர்க்கையை ‘நல்ல லோடு’ என்கிறார். பிறகு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் மும்மூன்று சுட்டு, ஓட்டைகள் மிக நெருங்கி விழுந்த கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார். இங்கேதான் எனக்குக் கடுமையான மறுப்பு. சிதறல் சற்றும் மாறாத ஒரே துப்பாக்கியில் பத்துக் குண்டுக் கூட்டம், மூன்று குண்டுக் கூட்டத்தைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் பெரிதாக இருக்கும். இது வெறும் நிகழ்தகவுக் கணக்கு. ஒரே லோடை மூன்று மூன்றாகப் பலமுறை சுட்டாலும் ஒன்றிரண்டு கூட்டங்கள் அற்புதமாக அமையும். அந்தத் தற்செயலைத்தான் பலர் மருந்தின் குணம் என்று குறித்துவைக்கிறார்கள். பத்து சுடுங்கள், முடிந்தால் இருபது. கசப்பான எண் வரும், ஆனால் அது நம்பக்கூடிய எண்.

அந்த எண் கால் அங்குலம் கூடினால் மானுக்கு என்ன? அதன் நெஞ்சுப் பகுதியில் குறி வைக்கும் இடம் ஏறக்குறைய எட்டு அங்குலம். நூறு கஜத்தில் ஒன்றரை அங்குலம் சிதறும் துப்பாக்கி இருநூறு கஜத்தில் மூன்று அங்குலம் சிதறும், அது போதும். முந்நூறு கஜத்திலோ மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று சாதாரண .308 குண்டை ஆறேழு அங்குலம் தள்ளிவிடுகிறது. மேசையில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சார்த்திப் பழகியவர், சரிவில் மூச்சிரைக்க முழங்காலிட்டுச் சுடும்போது குறி விலகுவது அதைவிடவும் அதிகம். மருந்து நிறுக்கும் மாலைகளில் பாதியையாவது அந்த முழங்காலுக்குத் தரவேண்டும்.

ஆபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அங்கே வாதத்துக்கு இடமில்லை. .30-06 தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அந்தத் தோட்டா வெடிப்பது சுடுபவரின் கன்னத்தருகே. அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் ஏறவேண்டும். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். நண்பரின் துப்பாக்கிக்குப் பொருந்திய அளவு நம்முடையதற்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கைவேலை வாழவேண்டும் என்றே நினைக்கிறேன். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றிலும் தடைசெய்தது; சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்துகொண்டிருந்தன. ஈயத்துக்கு மாற்றாக வரும் செம்பு அதைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது, நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். 1915இல் வந்த .250-3000 சாவேஜின் பழைய குழல்களில் வரிப்பள்ளம் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று மட்டுமே. தாத்தாவிடமிருந்து வந்த அப்படியொரு துப்பாக்கியை இன்றும் சுமப்பவர், எடை குறைந்த செம்புக் குண்டைத் தேடி அதற்கேற்ற மருந்தைக் கையேட்டில் பார்த்துத் தானே செய்துகொள்ளலாம். வழக்கொழிந்துவரும் அந்த அளவுத் தோட்டாவுக்குப் பெரிய தொழிற்சாலைகள் அத்தனை மெனக்கெடுவது அரிது.