திருத்தும் மேசை

நம் இறையியல் கல்லூரிகளில் எழுதக் கற்பிக்கிறோம் என்கிறோம். உண்மையில் எழுதச் சொல்கிறோம், அவ்வளவே. மேல்பட்டாம்பாக்கத்திற்குப் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் தம் அருளுரைக் கட்டுரையைக் காட்டினார். பன்னிரண்டு பக்கங்கள், ஓரத்தில் ஒரு குறிப்புமில்லை, இறுதியில் மதிப்பெண் மட்டும். "மீட்பின் இருத்தலியல் பரிமாணம்" என்று தொடங்கும் அதனையே கரும்புக் குடியானவர்களுக்கும் நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளருக்கும் வாசித்தார். ஆராதனை முடிந்ததும் மூதாட்டி ஒருவர், "ஐயா, இன்றைக்கு எந்த வசனம்?" என்று கேட்டார். அக்கேள்வி மாணவரைவிட ஆசிரியரையே சாரும்.

வேறொரு முறையை நம் வரலாறு அறியும். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் ஐயர் திருமறையைத் தமிழாக்கியபோது, அவர் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரான ஆறுமுக நாவலர் (1822–1879) உடனமர்ந்து உழைத்தார். நாவலர் சைவர், சமய வேறுபாடு அவ்வுழைப்பைத் தடுக்கவில்லை. 1850-இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு சபைகளில் நிலைக்கவில்லை. 1871-இல் வந்த பவர் ஐயர் குழுவின் பதிப்பே பரவியது. அதுவும் பலர் கூடித் திருத்தியதே. நாவலர் தமிழை அம்மேசையிலேயே கற்றாரென்பது மிகை. ஆயினும் பின்னர்ச் சிறுவருக்குப் பாலபாடங்கள் எழுதிய கை, சொல்லுக்குச் சொல் எடைபோட்டுப் பழகிய கை.

நாற்பது மாணவர்க்கு ஓர் ஆசிரியர், நேரமேது என்பர். ஆறு கட்டுரைகளுக்குப் பதில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை மும்முறை எழுதச் செய்யலாமே! அம்மாணவர் முதற்பக்கத்தை என்னுடன் அமர்ந்து நான்கு முறை எழுதினார். மூன்றாம் முறையில் "இருத்தலியல்" போயிற்று.