பகுதியும் முழுமையும்: 1467ஆம் ஆண்டின் ஒரு பதிப்பு

நூலை ஆராய்வோர் அதன் ஆசிரியரை ஆராய்வர், பொருளை ஆராய்வர். அந்நூலைப் படிப்போர் கையிற் சேர்த்த பதிப்பை ஆராய்வோர் சிலரே. ஆயினும், ஒரு நூல் எவ்வடிவில் நம்மை வந்தடைகிறதோ அவ்வடிவம் நாம் அதனைப் படிக்கும் முறையையும் ஓரளவு முடிவு செய்துவிடுகிறது. செருமனியின் மைன்ஸ் நகரில் 1467ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் அச்சிட்டு முடிக்கப்பெற்ற இலத்தீன் நூலொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

அது தாமஸ் அக்குவினாஸ் இயற்றிய ‘இறையியல் தொகுப்பு’ எனும் பெருநூலின் ஒரு பிரிவு. 1265ஆம் ஆண்டளவில் தொடங்கிய அந்நூலை 1273 டிசம்பரில் அவர் முடிக்காமலே நிறுத்தினார். 1274 மார்ச் 7ஆம் நாள் மறைந்தார். நூல் மூன்று பாகங்களை உடையது. நடுப்பாகம் மீண்டும் இரண்டாகப் பிரியும். அதன் பிற்பிரிவே மைன்சில் அச்சேறியது. நம்பிக்கை, அன்பு, நீதி, அடக்கம் முதலிய அறங்களை 189 வினாக்களில் அது விளக்குகிறது.

அச்சிட்டவர் பீட்டர் ஷோபர். பாரிசில் ஏடெழுதிப் பழகியவர். பின்னர் கூட்டன்பர்க்கின் அச்சுத்தொழிலோடு தொடர்புடைய யோகான் பூஸ்ட் என்பாருடன் இணைந்து நூல்கள் வெளியிட்டவர். பூஸ்ட் 1466இல் மறைந்தமையால் இந்நூலின் இறுதிக் குறிப்பில் ஷோபரின் பெயர் மட்டுமே காணப்படுகிறது. எழுதுகோலின் துணையின்றி உருவான நூல் இது என்று அக்குறிப்பு பெருமிதத்துடன் அறிவிக்கிறது.

பெருநூல் முழுவதையும் விடுத்து இப்பிரிவை மட்டும் அச்சிட்டது ஏன்? பாவ அறிக்கை கேட்கும் குருமார்க்கும் அறவுரை கூறுவோர்க்கும் அன்றாடம் பயன்பட்டது இப்பிரிவே. கையெழுத்துப் படிகளிலும் இது தனித்தே பெரிதும் வழங்கிற்று. தாளும் கூலியும் மிகுந்த செலவு பிடித்த அந்நாளில், விற்பனையாகும் பகுதியை அச்சகத்தார் தேர்ந்தது இயல்பே.

எனினும் இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. அறங்களைத் தனித்தனியே விளக்கும் இப்பிரிவுக்கு அடித்தளம் முற்பிரிவில் உள்ளது. மனிதனின் இறுதிப் பேறு எது, செயல் எப்போது அறமாகிறது, சட்டம் என்பது யாது என்பனவற்றை ஆசிரியர் அங்கே நிறுவுகிறார். அம்முற்பிரிவை ஷோபர் 1471இல்தான் வெளியிட்டார். நூல் முழுவதும் ஒருங்கே அச்சானது 1485இல், பாசல் நகரில். இடைப்பட்ட ஆண்டுகளில் 1467ஆம் ஆண்டுப் படியை மட்டும் வாங்கியவர் கையில் கிளை இருந்தது, வேர் இல்லை.

மற்றொரு இடரும் உண்டு. அக்குவினாஸ் ஒவ்வொரு சிக்கலிலும் எதிர்த்தரப்பை முதலில் நிறுத்துவார். பின்னர்த் தம் விடையைக் கூறி எதிர்வாதங்களை ஒவ்வொன்றாகக் களைவார். நன்னூல் கூறும் எழுவகை மதங்களை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. 66ஆம் வினாவில், வறுமையின் நெருக்கடியில் பிறர் பொருளை எடுப்பது தகுமா என வினவுகிறார். முதலில் வருவன ‘தகாது’ எனும் வாதங்களே. உயிர் காக்கும் தேவை வந்துற்றபோது பொருள் பொதுவாகிவிடும். அந்நிலையில் எடுப்பது திருட்டாகாது என்பதே அவர்தம் முடிபு. இரு பத்திகளாக, சுருக்கெழுத்துகள் மலிந்து, எதிர்வாதமும் விடையும் ஒரே எழுத்தில் நெருங்கி நிற்கும் பக்கத்தில் விரைந்து படிப்பவர், மறுக்கப்பட்டதையே ஆசிரியர் கருத்தாகக் கொள்ளவும் கூடும்.

இக்குறைகளுக்காக ஷோபரைப் பழித்தல் நேர்மையன்று. அவர் பகுதியைப் பகுதியென்றே பெயரிட்டு விற்றார். பகுதியை முழுமையென மயங்குதல் படிப்போர் பிழை. தேர்வுக்கெனக் குறித்த சில பக்கங்களோடு ஒரு காப்பியத்தை முடித்துக்கொள்ளும் மாணவரும், அதற்கு இசையும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடப்பகுதி நூலின் வாயில் மட்டுமே. வாயிலில் நின்றவர் வீட்டைக் கண்டதாகக் கூறல் பொருந்தாது.