குற்றம் என்ன, கடனா?

புராணப் புரட்டுகளை நாம் எடுத்துக் கூறும்போதெல்லாம் நம்மை நோக்கி ஒரு கணை பாய்கிறது: "சிலுவையைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?" உண்மை அறியும் ஆவலைவிட நம் வாயை அடைக்கும் ஆவலே கேட்போரிடம் மிகுதி. எனினும் கேள்வி நேர்மையானது. திறப்போம் வாயை!

மாந்தர் அனைவரும் பாவிகள், அவர்தம் பாவத்துக்கு ஈடாகக் குற்றமற்ற ஏசு தம் உயிரைப் பலி தந்தார், நம்புவோர் மீட்கப்படுவர். கிறித்தவத்தின் நெஞ்சம் இதுவே. மீட்பு! அடகு வைத்த நகையை மீட்கிறோமே, அந்த மீட்புதான். மூலக் கிரேக்கச் சொல்லும் அடிமையை, போர்க்கைதியை விடுவிக்கத் தரும் விலையைக் குறித்ததே.

விலை என்றால், பெற்றுக்கொண்டவர் யார்? சாத்தான் என்றனர் தொடக்ககாலத்தார் சிலர். ஏசுவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்த தெய்வத்தன்மை தூண்டில் முள், விழுங்கிய சாத்தான் சிக்கினான் என்றார் நான்காம் நூற்றாண்டின் நிஸ்ஸா நகர் கிரகோரி. மாவலியிடம் மூவடி கேட்ட கதையில் வளர்ந்த நமக்கு இதில் வியப்பேது?

கன்டர்பரிப் பேராயர் ஆன்செலம், 1098-இல் முடித்த நூலில், சாத்தானுக்குக் கடவுள் கடன்பட்டவரல்லர் என்று அக்கதையைத் தள்ளினார். பாராட்டுவோம். ஆனால் அவர் தந்த விளக்கம்? பாவம் கடவுளின் மாண்பைக் குலைத்தது, அம்மாண்பு எல்லையற்றது, ஈடும் எல்லையற்றதாதல் வேண்டும். தரவேண்டியவன் மனிதன், தரக்கூடியவரோ கடவுள் ஒருவரே. ஆகவே கடவுள் மனிதரானார்! தருக்கம் தடங்கலின்றி ஓடுகிறது. புறப்பட்ட இடந்தான் கோணல். இழைத்த தீங்கை, அதற்கு ஆளானவனின் தகுதி கொண்டு அளப்பது பிரபுவும் பண்ணையடிமையும் வாழ்ந்த நாட்டின் நீதி. மனுநூல் படித்தோர்க்கு அதன் நாற்றம் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் சட்டம் பயின்ற கால்வின் வந்தார். மாண்புக்கு ஈடு என்பது, நமக்குரிய தண்டனையை ஏசு ஏற்றார் என்றாயிற்று. சந்தை, அரண்மனை, வழக்குமன்றம்! மண்ணில் முறை மாற மாற, விண்ணிலும் விளக்கம் மாறியது.

இதனை எதிர்த்தவர் நாத்திகர் மட்டுமல்லர். குற்றமற்றவன் குருதியை விலையாகக் கேட்பது கொடுமையன்றோ என்றார் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கிறித்தவ அறிஞர் அபெலார்டு. இத்தாலியில் பிறந்த சொசீனி 1578-இல் எழுதிய நூலில் ஆணிவேரையே தொட்டார்: பணக்கடனைப் பிறர் தீர்க்கலாம், குற்றத்தைப் பிறர் தலையில் ஏற்றலாமோ? ஈடு முழுதும் பெற்றபின் மன்னிப்பு ஏது? இவ்வளவு கேட்டவருக்குக் கிடைத்த பரிசு, 1598-இல் கிராக்கோ நகரில் ஒரு கும்பல் அவரை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று தாக்கி, தாள்களைக் கொளுத்தியதுதான். அவர் கொள்கை வழியினரைப் போலந்து 1658-இல் நாடு கடத்திற்று.

குற்றவுணர்வில் வேகும் உள்ளத்துக்கு இந்நம்பிக்கை ஆறுதல் தருவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உழைத்தவன் கூலியைப் பறித்தவனின் கணக்கு கல்வாரியில் தீர்ந்ததென்றால், உழைத்தவனுக்கு வந்ததென்ன? மனம் திரும்பவேண்டும் என்பர். திரும்பட்டும், பறித்த கூலி திரும்புமா? திருப்பித் தரச்சொல்லும் போதகரும் உண்டு. தந்துவிட்டால், பிறகு பலி எதற்கு?

கோட்பாடு மறைக்கும் மற்றொன்றும் உண்டு. சிலுவை, அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரோமை வைத்திருந்த கொலைக்கருவி. ஏசுவைக் கொல்ல ஆணையிட்டவன் அவ்வரசின் ஆளுநன் பிலாத்து. "எல்லாம் இறைத்திட்டம்" என்று சொன்னவுடன், ஆணையிட்டவன் வெறுங்கருவியாகிறான், ஆட்சி தப்பிக்கிறது, ஆணியும் புனிதமாகிறது. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்னர், கி.மு. 71-இல், ஸ்பார்ட்டகசுடன் விடுதலை கேட்டெழுந்து பிடிபட்ட 6,000 பேரைக் கபுவா முதல் உரோமை வரை சாலையோரம் சிலுவையில் அறைந்தான் கிராசஸ். அவர்கள் இறந்தது எவர் பாவத்துக்காக என்று எந்தப் பேராயரும் நூல் எழுதவில்லை.